மேயிர் உண்ட சோறு

ரிவ்கா அம்மா இன்னும் எழுந்திருக்கவில்லை. எழுந்திருக்கவே வேண்டாம் என்றிருக்கிறது எனக்கு, அதாவது அப்படி ஒரேயடியாக எழுந்திருக்கவே வேண்டாம் என்றில்லை, கர்த்தாவே, மனசில் என்ன வருகிறது பார், சாயங்காலம் வரைக்கும் தூங்கட்டும் என்றுதான் நினைக்க வந்தேன், வானத்தில் மூன்று நட்சத்திரம் தெரிகிற வரைக்கும். மூன்று நட்சத்திரம் தெரிந்துவிட்டால் இந்த யூத ஜனங்களுக்கு ஓய்வுநாள் முடிந்தது. அதற்குப் பிறகு விளக்குப் போடலாம், அடுப்புப் பற்றவைக்கலாம், போன் பேசலாம், மகன் செத்துப்போனான் என்று தாயிடம் சொல்லலாம். அதுவரைக்கும் கூடாது. ஓய்வுநாளில் துக்கச் செய்தி சொல்லக் கூடாது என்பது இவர்கள் வழக்கம். நேற்று அம்மா விளக்கேற்றி, இரண்டு கையாலும் முகத்தை மூடி முணுமுணுத்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் என் போன் அடித்தது. தாலியா, அம்மாவின் பேத்தி, மகன் எஃப்ராயிமின் பெண், ஹைஃபாவிலிருந்து. அவள் ஓய்வுநாள் கீய்வுநாள் பார்க்கிறவள் இல்லை, ஆனாலும் பாட்டிக்காகப் பார்த்தாள். அப்பா கடையில் உட்கார்ந்தபடியே சரிந்துவிட்டார் லீலா, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் எல்லாம் முடிந்தது, பாட்டியிடம் இப்போது சொல்லாதே, நாளைக்கு இருட்டினதும் கிளம்பி நாங்களே வந்து சொல்கிறோம், அதுவரைக்கும் ஒன்றும் நடக்காத மாதிரி இரு. ஒன்றும் நடக்காத மாதிரி இருக்க நான் என்ன சினிமாவிலா நடித்துப் பழகியிருக்கிறேன். சரி என்று சொன்னேன். சரி சரி என்று சொல்லியே எனக்குப் பாதி ஆயுசு போயிற்று. போனை ஏப்ரன் பைக்குள் போட்டுக்கொண்டு வெளியே வந்தால், அம்மா முகத்திலிருந்து கையை எடுத்துவிட்டு, ஓய்வுநாள் வாழ்த்துச் சொல்லி என் கன்னத்தைத் தட்டினார். நானும் திருப்பி வாழ்த்துச் சொன்னேன்.

தூங்குகிறவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது என் வேலையில் பாதி. தூக்குவது, துடைப்பது, மாத்திரை கொடுப்பது மீதிப் பாதி. திபேரியாவின் கோடைக்கு முன்னால் எங்கள் ஊர்ச் சித்திரை கைகட்டி நிற்க வேண்டும். திரையை விலக்கினால் ஏரி, வெயிலில் வெளுத்துக் கிடக்கிறது. ஊரில் சர்ச்சில் கலிலேயாக் கடல் என்று வாசித்தாலே கண்ணை மூடிக்கொள்கிற ஆட்கள் உண்டு. எனக்கு அது துணி காயப்போடும்போது தெரிகிற தண்ணீர். ஒரு குப்பியில் கொஞ்சம் கொண்டுவா லீலாபாய் என்று பாஸ்டர் கேட்டார், இன்னும் கொண்டுபோகவில்லை. அம்மா பிறந்தது கொச்சிப் பக்கம், சின்னப் பெண்ணாகக் கப்பலேறி இங்கே வந்தவர். பேசுவது அந்தக் காலத்து மலையாளம். நான் குழித்துறைக்காரி, எங்களுக்கு மலையாளம் வேலிக்கு அந்தப் பக்கத்துப் பேச்சு, அவர் வாயிலிருந்து வருவது என் காதில் விழும்போதே எங்கள் ஊர்த் தமிழாகிவிடும். ஓய்வுநாளில் அவர் வேலை செய்யக் கூடாது, என்னைச் செய் என்று நேராகச் சொல்லவும் கூடாது. ஃபேன் வேண்டுமென்றால் சுவரைப் பார்த்து, "இஞ்ச வேர்க்குது, கேட்டியா" என்பார். நான் என் சொந்த இஷ்டத்துக்குப் போடுகிற மாதிரி போடுவேன். வந்த புதிதில், ஆமா அம்மா வேர்க்கத்தான் செய்யுது என்று பதில் சொல்லிவிட்டு அப்படியே உட்கார்ந்திருப்பேன், பாவம், வேர்த்து வேர்த்துச் சிரிப்பார். இப்போது அவர் சொல்லாததெல்லாம் எனக்குக் கேட்கும். அதுதான் பயமாக இருக்கிறது. எனக்குக் கேட்கிறதென்றால் அவருக்கும் கேட்கும்தானே. நேற்று ராத்திரியெல்லாம் மூச்சைக்கூட அளந்து விட்டுக்கொண்டிருந்தேன்.

அந்த ஏரிக்கரையில், வெந்நீர் ஊற்றுக்கு மேலே, மேயிர் ரப்பியின் கல்லறை இருக்கிறது. ரப்பி என்றால் குரு. இயேசு சுவாமிக்கு நூறு வருஷம் போலப் பிந்தி இந்தத் தேசத்தில் வாழ்ந்த மனுஷன். அம்மா அவரைப் பற்றிப் பேசினால் மூன்றாம் வீட்டுக்காரரைப் பற்றிப் பேசுகிற மாதிரி இருக்கும். மேயிருக்கு எழுத்து வேலை, வேதத்தைத் தோலில் நகல் எழுதுகிற வேலை, நல்ல கை என்பார். மேயிருக்கு முந்நூறு நரிக்கதை தெரியும், இப்ப மிச்சம் மூணு, பாக்கிய எவனும் ஓர்மை வைக்கல்ல என்று நேற்று நடந்த மாதிரி குறைப்படுவார். கண்ணாடி தொலைந்தால் உண்டியலில் ஒரு காசு போட்டு, மேயிரின் தெய்வமே எனக்குப் பதில் சொல்லு என்பார். எங்கள் பக்கத்தில் இந்த வேலையை அந்தோணியார் பார்க்கிறார். நான் சி.எஸ்.ஐ.காரி, அந்தோணியாரிடமே போகக் கூடாது, மேயிரிடம் எப்படிப் போவது, ஆனால் சாவி தொலைந்த அன்று ரகசியமாகச் சொன்னேன், கிடைத்தது. அவரை நின்றபடியே புதைத்திருக்கிறார்களாம், மீட்பர் வருகிற அன்று எழுந்திருக்கத் தாமதமாகக் கூடாது என்று. அது இந்த மேயிர் இல்லை, வேறொரு மேயிர் என்பவர்களும் உண்டு. எந்த மேயிரோ, இத்தனை நூறு வருஷம் நின்றால் கால் கடுக்குமே என்றுதான் முதல் தடவை போனபோது நினைத்தேன், எனக்கு அன்று கால் வலி. ஆனால் நேற்றிலிருந்து தொண்டையில் முள் மாதிரி நிற்பது அவர் வீட்டுக் கதை. அதுவும் அம்மா சொன்னதுதான். ஓர் ஓய்வுநாளில் மேயிர் பாடசாலையில் இருக்கிறார், வீட்டில் அவருடைய இரண்டு பிள்ளைகளும் இறந்துபோகிறார்கள். மனைவி இருவரையும் கட்டிலில் கிடத்தித் துணியால் மூடிக் கதவைச் சாத்துகிறாள். சாயங்காலம் வந்தவர் பிள்ளைகள் எங்கே என்கிறார். பாடசாலைக்குப் போயிருக்கிறார்கள். அங்கே காணவில்லையே என்கிறார். அவள் திராட்சரசக் கிண்ணத்தைக் கையில் கொடுக்கிறாள், ஓய்வுநாளை வழியனுப்புகிற ஜெபத்தைச் சொல்கிறார், மறுபடி எங்கே என்கிறார். எங்கேயோ போயிருக்கிறார்கள், இதோ வருவார்கள். சாப்பாடு வைக்கிறாள். சாப்பிடுகிறார். சாப்பிட்ட பிறகு அவள் கேட்கிறாள், ஒருவர் என்னிடம் பத்திரமாக வைக்கச் சொல்லி ஒரு பொருள் கொடுத்தார், இப்போது வந்து திருப்பிக் கேட்கிறார், கொடுக்கவா வேண்டாமா. இதென்ன கேள்வி, உடையவருக்குக் கொடுத்துத்தானே ஆகவேண்டும் என்கிறார். கையைப் பிடித்து அழைத்துப்போய்த் துணியை விலக்குகிறாள். என்ன புத்தி, என்ன திடம் என்று எல்லோரும் அந்தப் பெண்ணை மெச்சுகிறார்கள். எனக்கு மெச்சத் தோன்றவில்லை. எனக்கு அந்த மனுஷன் உண்ட சோறுதான் கண்ணுக்குள் நிற்கிறது. அடுத்த அறையில் பிள்ளைகள் கிடக்க, இவர் ரொட்டியைப் பிய்த்து, தொட்டு, ருசித்து, உப்புக் கொஞ்சம் குறைவு என்றுகூடச் சொல்லியிருப்பார். தெரிந்த பிறகு அந்தச் சோறு வயிற்றில் எங்கே போய் நின்றது. அவருக்குக் கோவம் வரல்லியா அம்மா என்று கேட்டேன். "அது கதையில இல்ல மோளே" என்றார்.

எனக்குக் கோபம் வந்தது, இன்றுவரைக்கும் போகவில்லை. அப்பா இறந்தபோது என்னிடம் சொல்லவில்லை. எனக்கு விசா புதுப்பிக்கிற நேரம், சொன்னால் இவள் போட்டது போட்டபடி ஓடிவருவாள், திரும்பிப் போக முடியாது, இவள் பிள்ளையின் படிப்பு நின்றுபோகும் என்று அண்ணனும் மைனியும் கூடிப் பேசி முடிவெடுத்தார்கள். அடக்கம் முடிந்து ஒரு மாசத்துக்கு மேல் ஆகியும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் நான் போன் செய்தேன். அப்பா சர்ச்சுக்குப் போயிருக்காவ லீலா என்பாள் மைனி. அடுத்த வாரம் முடி வெட்டப் போயிருக்காவ. எப்பப் பாத்தாலும் ஊர்சுத்துதானா, வரட்டும், நான் பேசுகேன் என்று சிரித்தேன். மைனியும் கூடச் சிரித்தாள். ஊருக்குப் போன ஒருத்தியிடம் அப்பாவுக்கு ஒரு சட்டைகூடக் கொடுத்தனுப்பினேன். அளவு சரியா இருக்கா மைனி என்றால், பாத்து தச்சது போல இருக்கு என்றாள். சொல்லாததைக்கூட விட்டுவிடலாம் என்று சில நாள் தோன்றும், உடனே அந்தச் சிரிப்பு வந்து நிற்கும், அந்தச் சட்டை வந்து நிற்கும், மறுபடி முதலிலிருந்து எரியும். இப்போது அண்ணனிடம் ஆமாம், இல்லை, அவ்வளவுதான். மைனியிடம் அதுவும் இல்லை. செய்தி கடைசியில் வந்த அன்று ரிவ்கா அம்மாதான் என்னைத் தரையில் உட்காரவைத்தார். இவர்கள் சட்டத்தில், முப்பது நாள் கழித்துக் கேள்விப்பட்ட சாவுக்கு ஒரு மணி நேரம் துக்கம் இருந்தால் போதுமாம். பெற்ற அப்பாவுக்கு ஒரு மணி நேரமா என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. ஆனால் அந்த வலிக்கிற முழங்காலை வைத்துக்கொண்டு தாழ்ந்த முக்காலியில் என் கூடவே உட்கார்ந்தார், ஒரு மணி நேரம் கழிந்தும் எழுந்திருக்கவில்லை. இந்தத் தேசத்தில் எனக்குச் சொந்தம் என்று ஒருவர் உண்டானது அன்றைக்குத்தான். இன்றைக்கு அது போய்விடும். நீ எப்ப அறிஞ்ச என்று கேட்பார், நேற்று என்பேன், நான் மைனியைப் பார்க்கிற பார்வையை அவர் என்னைப் பார்ப்பார். எஃப்ராயிம் போனதற்கு அழுவதை விட்டுவிட்டு இதற்குப் பயந்துகொண்டிருக்கிறேன், அதுவும் வெட்கமாக இருக்கிறது.

எழுந்துவிட்டார். "வெயிலு தாந்துச்சா லீலா?" இன்னும் கொஞ்சம் இருக்கு அம்மா. முதுகில் கை கொடுத்து உட்காரவைக்கிறேன், முகம் கழுவித் துடைத்துவிடுகிறேன், தூக்கத்தில் கன்னத்தில் தலையணை மடிப்பு விழுந்திருக்கிறது, துடைத்தால் போகவில்லை. நல்ல சந்தோஷத்தில் இருக்கிறார். வியாழக்கிழமை எஃப்ராயிமோடு சண்டை, ஹைஃபாவில் தன் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு முதியோர் இல்லம் பார்த்து வைத்திருக்கிறேன், வந்து இருங்கள் என்று அவர் சொல்ல, நான் செத்த பிறகு தூக்கிட்டுப் போ என்று அம்மா போனை வைத்துவிட்டார். இரண்டு நாளாக முகம் கடுகடு என்று இருந்தது. இப்போது சுவரைப் பார்த்துக்கொண்டு, "நட்சத்திரம் வந்தா எனக்கு மோன்கிட்ட பேசணும்போல இருக்கு" என்கிறார். "அவன் சொல்லுகதும் சரிதான். மோனுக்குப் பக்கத்துல கிடந்தா எனக்கு என்ன குறைஞ்சா போவும்? கழுதன்னு வேற சொல்லிட்டேன். அறுவது வயசு கழுத." சிரிக்கிறார். நான் சிரிக்கவில்லை, சிரிக்க மாட்டேன், செத்தாலும் சிரிக்க மாட்டேன் என்று போர்வையை மடிக்கிற மாதிரித் திரும்பிக்கொள்கிறேன். போர்வையை மடிக்கலாம் எனக்கு. நான் சிரித்தபோது, போனில், திரும்பிக்கொண்டு மடிப்பதற்கு மைனிக்குப் போர்வை இல்லை. இந்த நினைப்பு எங்கிருந்து வந்தது, வேண்டாம், போ. தாலியா இதை யோசிக்கவில்லை. இருட்டின பிறகு கிளம்பினால் ஹைஃபாவிலிருந்து வந்துசேர ஒரு மணி நேரமாவது ஆகும், நட்சத்திரம் வந்த மறுநிமிஷம் அம்மா போன் கேட்பார். நடுவில் உள்ள நேரம் என் தலையில்.

ஓய்வுநாளின் கடைசிச் சாப்பாடு வைக்கவேண்டிய நேரம். நேற்று நான் செய்த மீன், சின்ன உள்ளியைச் சுட்டு அரைத்துத் தடவினது, ஆறினதையே சாப்பிடுவார். தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு அடுக்களையிலேயே நிற்கிறேன். வைக்காமல் இருக்க முடியாது, வைத்தால் நானும் அந்த மேயிரின் மனைவி. இப்போதே சொல்லிவிட்டால் என்ன. நான் யூதச்சி இல்லை, எனக்கு இந்தச் சட்டம் இல்லை, தெரியாமல் வாயில் வந்துவிட்டது என்று சொன்னால் யார் என்ன செய்வார்கள். சொன்னால் என் நெஞ்சுப் பாரம் இறங்கும். ஆமாம், என்னுடையது இறங்கும், அவருக்கு ஏறும். மேயிருக்கு ஒரு குரு இருந்தார், வேதத்தை விட்டுவிட்டுப் போனவர், ஊரே ஒதுக்கிவைத்தவர், மேயிர் மட்டும் விடவில்லை. மாதுளம்பழத்தின் முத்தைத் தின்று தோலை எறிந்தார் என்று மேயிரைப் பற்றி இதற்காகச் சொல்வார்கள். ஓர் ஓய்வுநாளில் அந்தக் குரு குதிரைமேல் போகிறார், ஏறவே கூடாத நாள், மேயிர் பின்னாலேயே நடந்து பாடம் கேட்டுக்கொண்டு போகிறார். ஓரிடத்தில் குரு குதிரையை நிறுத்தி, மேயிர் நீ திரும்பிப் போ, குதிரை வைத்த அடியை எண்ணிக்கொண்டே வந்தேன், ஓய்வுநாளில் நீ நடக்கலாம் என்கிற எல்லை இதோடு முடிந்தது என்கிறார். நீங்களும் திரும்புங்கள் என்றார் மேயிர். அவர் திரும்பவில்லை. அம்மா இதைச் சொல்லும்போது மேயிருக்காக உருகுவார். எனக்கு அந்தக் குதிரைக்காரரைத்தான் பிடிக்கும். தனக்கு வேண்டாத ஓய்வுநாளைப் பின்னால் வருகிறவனுக்காக எண்ணிக்கொண்டு போயிருக்கிறார். இது அம்மாவின் நாள். பிறந்ததிலிருந்து இந்த நாளை அவர் ஒரு தடவைகூட முறித்ததில்லை, என் மனசு லேசாவதற்காக நான் முறிக்கக் கூடாது. தட்டைக் கொண்டுபோய் வைத்தேன். மேயிரின் தெய்வமே, எனக்குப் பொருள் ஒன்றும் வேண்டாம், நட்சத்திரம் வரும்போது வாயில் ஒரு வார்த்தை கொடு. அம்மா மீனைக் கிள்ளி வாயில் போட்டு, "உள்ளி நல்லா சுட்டிருக்க" என்றார். நீ சாப்பிடல்லியா என்றார். பசியில்ல என்றேன், அது பொய்யில்லை. அவர் மெல்ல மெல்ல முழுவதும் சாப்பிட்டார், முள்ளை ஓரமாக ஒதுக்கி வைத்தார், நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பால்கனியில் நாற்காலி போட்டு உட்காரவைத்திருக்கிறேன். மேசைமேல், ஓய்வுநாளை வழியனுப்புகிற ஜெபத்துக்கு, திராட்சரசக் கிண்ணமும் முறுக்கின மெழுகுவர்த்தியும் தயார். ஏரிக்கு அந்தப் பக்கத்து மலை நீலமாகி, பிறகு கருத்துவிட்டது. அம்மாவுக்குக் கண் சரியில்லை, வாராவாரம் நட்சத்திரம் பார்த்துச் சொல்வது நான்தான், என் கண்ணுக்கு முடிந்தால்தான் அவருக்கு ஓய்வுநாள் முடியும். ஒன்று வந்தாச்சு அம்மா. மலைக்கு மேலே ரெண்டாவது. காற்று கொஞ்சம் வந்தது. என்ன வார்த்தை சொல்வது, ஒருவர் என்னிடம் ஒரு பொருளைக் கொடுத்து வைத்தார் என்று தொடங்க முடியாது, கதையைச் சொல்லித் தந்ததே அவர், முதல் வார்த்தையிலேயே புரிந்துவிடும். உடம்பு சரியில்லை என்று தொடங்கலாமா, ஆஸ்பத்திரி என்று தொடங்கலாமா. அப்போது மூன்றாவது வந்துவிட்டது. தெருமுனை ஜெப ஆலயக் கூரைக்கு நேரே, சின்னது, சந்தேகமே இல்லை. "மூணாவது வந்துச்சா லீலா?" இல்ல அம்மா. என் வாய்தான் சொன்னது. ரெண்டுதான் இருக்கு. கீழே தெருவைப் பார்க்கிறேன், கார் ஏதாவது திரும்புகிறதா, தாலியா வந்துவிட்டால் அவள் சொல்லட்டும், அவள் பேத்தி, நான் சம்பளத்துக்கு இருப்பவள், இன்னும் கொஞ்ச நேரம், இன்னும் கொஞ்சம். நாலாவது வந்தது. ஐந்தாவது. எண்ணுவதை விட்டுவிட்டேன். "வந்துச்சா?" இன்னும் இல்ல, மேகமா இருக்கு. மேல்வீட்டில் ரேடியோ பாடத் தொடங்கியது, தண்ணீர் மோட்டார் போடுகிற சத்தம் கேட்டது. அம்மா தலையை நிமிர்த்திக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் திரும்பினார், சுவரைப் பார்க்கவில்லை.

"மேல்வீட்டுல ரேடியோ போட்டாச்சு. உனக்கு மட்டும் நட்சத்திரம் வரல்லியா? லீலா. என்னன்னு சொல்லு." அம்மா, எஃப்ராயிம் அண்ணன் போயிட்டாவ. இவ்வளவுதான் வார்த்தை, இதற்காகவா ஒரு நாள் முழுக்கத் தேடினேன். கடையில வச்சு, நேத்து மத்தியானத்துக்குப் பிறகு. அவருடைய கை நாற்காலிப் பிடியிலேயே இருந்தது. நீதியுள்ள நியாயாதிபதி என்று அவர்கள் பாஷையில் மெல்லச் சொன்னார், சாவு கேட்டால் சொல்ல வேண்டியது அது. பிறகு, "நீ எப்ப அறிஞ்ச?" நீங்க விளக்கேத்தும்போ. பார்ப்பார், இப்போது அந்தப் பார்வை பார்ப்பார் என்று நான் தரையைப் பார்த்தபடி நின்றேன். மேல்வீட்டுப் பாட்டு முடிந்து வேறு பாட்டு வந்தது. "நேத்து சொல்லாதது சரி" என்றார். "இன்னைக்கு எனக்குச் சோறு தந்ததும் சரி. நல்லா சாப்பிட்டேன். நட்சத்திரம் எப்ப வந்துச்சு?" ரேடியோக்கு முந்தி. ரொம்ப முந்தி. "அதுதான் சரியில்ல. ஓய்வுநாளு முடிஞ்ச பிறகு உள்ள நேரம் எனக்க நேரம். எனக்க மோனுக்கு நான் அழ வேண்டிய நேரம். அத நீ எடுத்துட்டே." கோபமாகச் சொல்லவில்லை. பாத்திரத்தில் எந்த இடத்தில் கரி இருக்கிறது என்று காட்டுகிற மாதிரி சொன்னார். ஆமா அம்மா என்றேன். எனக்கு அப்போதுதான் அழுகை வந்தது. மைனியிடம் நான் ஒரு நாளும் இப்படிப் பிரித்துச் சொன்னதில்லை, இது சரி, இது சரியில்லை என்று. எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டித் தலையில் வைத்துக்கொண்டு அலைகிறேன்.

"கிண்ணத்த எடுத்து உள்ள வை" என்றார். துக்கம் கேட்டவர் அடக்கம் முடிகிற வரைக்கும் அந்த ஜெபம் சொல்வதில்லையாம். எடுத்து வைத்தேன், மெழுகுவர்த்தியையும். "கத்திரி எடுத்துட்டு வா." நேராகவே சொல்கிறார் இப்போது. செத்தவருக்காக உடுத்தியிருப்பதைக் கிழிப்பது இவர்கள் முறை. உடுத்தியிருப்பது ஓய்வுநாளுக்கென்று வைத்திருக்கிற நல்ல உடுப்பு. வேற மாத்தவா என்று கேட்க நினைத்து வாயை மூடிக்கொண்டேன். "வலது பக்கம். தொடக்கம் நீ வெட்டு, பிறகு நான் கிழிக்கணும்." கழுத்துப் பட்டையில் கத்திரியை வைத்துச் சின்னதாக ஒரு வெட்டுப் போட்டேன். அவர் இரண்டு கையாலும் பிடித்து இழுத்தார். துணி கெட்டி, விரலுக்குப் பலம் இல்லை, வரவில்லை. மறுபடி இழுத்தார். நான் கிழித்துத் தரவா என்று கை தானாக நீண்டது, இழுத்துக்கொண்டேன், இதையும் எடுத்துவிடக் கூடாது. கீழே கார் வந்து நின்றது, இருட்டுமுன்பே கிளம்பியிருப்பார்கள், கதவு அடைக்கிற சத்தம், தாலியா யாரிடமோ பேசுகிற குரல். அம்மாவுக்கும் கேட்டிருக்கும். துணி நழுவாமல் இருக்கக் கீழ்முனையை மட்டும் நான் பிடித்துக்கொண்டேன். அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு, ஹா என்று ஒரு மூச்சு விட்டு இழுத்தார். அவர்கள் படியேறி வந்துசேருவதற்குள் தானே கிழித்து முடித்துவிட்டார்.